அவசரத்துக்கு ஃபிளைட் டிக்கெட் போட்டுக் குடுத்த எங்க ஊரு டிராவல்ஸ் கடை

கிருஷ்ணகிரில பழையபேட்டை போற பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடில சின்னதா ஒரு டிராவல்ஸ் இருக்குது, போர்டுல வெயில் பட்டு பாதி எழுத்து போயிடுச்சு, கீழ இருந்து பாத்தா சபரிமலை வேன் புக்கிங்னு மட்டும்தான் தெரியும். அங்க ஃபிளைட் டிக்கெட்டும் போடுவாங்கன்னு நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த ரிவ்யூ அந்த கடை பத்திதான். பேரு போட்டு எழுதட்டுமான்னு கடைக்காரர்கிட்டயே கேட்டேன், "ஏற்கனவே ராத்திரில தூங்க விட மாட்டேங்கறாங்க தம்பி, நீங்க வேற"ன்னுட்டாரு, அதனால பேரு இல்ல. தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சுக்குவீங்க.

என்ன நடந்துச்சுன்னா எங்க சின்ன மாமா லாரி டிரைவர், போன மாம்பழ சீசன்ல மேங்கோ பல்ப் டின் லோடு ஏத்திக்கிட்டு டெல்லி பக்கம் போனவரு நாக்பூர் தாண்டி வண்டி மோதி காலு மாட்டிக்கிச்சு, கூட போன கிளீனர் பையன் ராத்திரி பத்தரைக்கு ஃபோன் பண்றான், நாக்பூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம், ஆபரேஷன் பண்ணணும் சொந்தக்காரங்க வரணும்னு சொல்றாங்களாம், அந்த பையனுக்கு ஹிந்தியும் வராது மராத்தியும் வராது, அழுதுக்கிட்டே பேசறான். மாமா போன ரோடு நம்ம ஊரு வழியா போற அதே 44ம் நம்பர் ஹைவேதான், இங்க இருந்து நேரா பிடிச்சா நாக்பூர் வந்துடும், ஆனா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ஆகுது, கார்ல போய் சேர ஒரு முழு நாள் போயிடும். ரயில் பத்தி பேசவே வேணாம், மாவட்ட தலைநகர்னு பேரு, ஊருக்குள்ள ஒரு ஸ்டேஷன் கிடையாது, ஜோலார்பேட்டையோ ஓசூரோ பெங்களூரோ போய்தான் ஏறணும், தட்கல் காலைல பத்து மணிக்குதான் ஓப்பன் ஆகும், அதுவும் மறுநாள் வண்டிக்கு. ஆக ஃபிளைட் ஒண்ணுதான் வழி.

மாமா பையன், எனக்கு மச்சான், காலேஜ் படிக்கறான், அவன் உடனே ஃபோன்ல இருந்த ஒரு புக்கிங் ஆப்ல தேட ஆரம்பிச்சுட்டான். ஆப் பேரு எதுக்கு, எல்லாம் ஒரே ரகம்தான். தேடறப்போ ஒரு ரேட்டு காட்டுது, நான், அவன், அத்தைன்னு மூணு பேரு பேரும் வயசும் அடிச்சு முடிச்சு காசு கட்டற எடத்துக்கு வந்தா விலை மாறிடுச்சுன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது, சரின்னு தள்ளிட்டு போனா இன்சூரன்ஸ் தானாவே டிக் ஆகி இருக்குது, அதை எடுத்தா கேன்சல் பண்ணா முழு காசு தரோம்னு இன்னொண்ணு, சீட்டு செலக்ட் பண்ணலையான்னு ஒண்ணு, ஆளு அங்க ஆஸ்பத்திரில கெடக்கறாரு இவனுங்க வெஜ் சாண்ட்விச் வேணுமான்னு கேக்கறானுங்க. கடைசி பக்கத்துல தலைக்கு இவ்ளோ கன்வீனியன்ஸ் ஃபீ வேற. இந்த மாதிரி கேக்காமலே கூடைல போடறது, கடைசில விலைய ஏத்திக் காட்டறது எல்லாத்தையும் டார்க் பேட்டர்ன்னு சொல்லி 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை பட்டியல் போட்டு கூடாதுன்னு சொல்லியாச்சு. பட்டியல் அது பாட்டுக்கு இருக்குது, டிக் இது பாட்டுக்கு இருக்குது.

அதைக் கூட விடுங்க. யூபிஐல காசு எடுத்துடுச்சு, டிக்கெட் வரல. "பெண்டிங்"னு சுத்திக்கிட்டே இருக்குது. கஸ்டமர் கேர் நம்பர் எங்க ஒளிச்சு வெச்சிருக்கானுங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல, சாட் மட்டும்தான், அதுவும் மெஷின் பேசுது. மச்சான் "அப்பாவுக்கு ஆக்சிடெண்ட், அர்ஜெண்ட்"னு டைப் பண்றான், அது உங்க பயணத்தை மாற்றணுமா, ரத்து செய்யணுமா, பில் வேணுமான்னு மூணு பட்டனை நீட்டுது. அந்த காசு அப்புறமா திரும்பி வந்துடுச்சு, ஆனா அந்த நேரத்துல நாப்பதாயிரத்துக்கு பக்கமா அந்தரத்துல தொங்கினா அடுத்த டிக்கெட்டுக்கு காசுக்கு எங்க போறது? கடைக்கு காசு போய் சேராம நடுவுல நின்னுட்டா அஞ்சு நாளைக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு நூறு ரூபா குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2019ல சொல்லியிருக்குது. அஞ்சு நாள் கணக்கு எல்லாம் கரண்ட் பில்லுக்கு ஓகே, ஆஸ்பத்திரிக்கு போறவனுக்கு என்ன பிரயோஜனம்.

எங்க தெருவுல ஒரு பாய் உம்ரா போறதுக்கு இந்த கடைலதான் டிக்கெட் போட்டிருந்தாரு, சத்தம் கேட்டு வந்தவரு விஷயம் தெரிஞ்சு நம்பர் குடுத்தாரு. பதினோரு மணி ஆகப் போகுது, எடுப்பாரான்னு நெனச்சுக்கிட்டே பண்ணேன், எடுத்துட்டாரு. நான் விஷயத்தை சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, "வண்டி இருக்குதா தம்பி, வாசல்ல நிக்குதா?" எத்தனை பேரு, எந்த தேதி, எவ்ளோ பட்ஜெட்னு எதுவும் கேக்கல. இந்த ஒரு கேள்விக்காகவேதான் நான் இவ்ளோ பெருசா எழுதறேன். ஏன்னா எந்த ஆப்பும் நீங்க கிருஷ்ணகிரில உக்காந்திருக்கீங்கன்னு பாக்காது. பெங்களூர்னு அடிச்சா பெங்களூர்ல இருந்து கிளம்பற எல்லா ஃபிளைட்டும் காட்டும், நீங்க அதை பிடிக்க முடியுமா முடியாதான்றது அதுக்கு கவலை இல்ல.

அவரு கணக்கு பின்னாடி இருந்து போடறாரு. ஃபிளைட் காலைல ஆறு மணின்னு வெச்சுக்கங்க, ஒரு மணி நேரம் முன்னாடி கவுண்டர் மூடிடுவான், கேட்டு இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி மூடிடுவான், அத்தை முதல் தடவை ஃபிளைட் ஏறப் போறாங்க, பை போடணும், வாசல்ல ஒரு க்யூ, செக்யூரிட்டில ஒரு க்யூ, அதனால நாலு மணிக்கு வாசல்ல இருக்கணும். இங்க இருந்து பெங்களூர் தேவனஹள்ளி ஏர்போர்ட்டு கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், ராத்திரில மூணு மணி நேரம் தாராளமா வெச்சுக்கணும், அப்போ ஒரு மணிக்கு வண்டி கிளம்பணும். பகல்ல இதே தூரத்துக்கு அஞ்சு மணி நேரம் ஒதுக்கச் சொல்றாரு, அத்திப்பள்ளில ஆரம்பிச்சு சில்க் போர்டு, ஹெப்பால்னு ஒவ்வொரு எடத்துலயும் எவ்ளோ நேரம் முழுங்கும்னு மனப்பாடமா சொல்றாரு. பேசிக்கிட்டே இருக்கறப்போ கீபோர்டு தட்டற சத்தம் கேக்குது, வீட்டுலயே லேப்டாப் வெச்சிருக்காரு போல.

சேலத்துல இருந்து ஏதாச்சும் இருக்குதான்னு நான் கேட்டேன். தர்மபுரிக்காரங்களுக்கு அது கிட்ட, தொப்பூர் இறங்கினா காமலாபுரம் ஏர்போர்ட் வந்துடும், சின்ன ஊருக்கும் ஃபிளைட் விடற உடான் திட்டத்துல 2023 அக்டோபர்ல திரும்பவும் ஓட ஆரம்பிச்சுது, ஆனா சின்ன ஃபிளைட்டு, நாளைக்கு விரல் விட்டு எண்ணற அளவுதான், நடு ராத்திரி அவசரத்துக்கு அதை நம்ப முடியாதுன்னாரு. முன்னாடியே பிளான் பண்ணி சென்னையோ ஹைதராபாத்தோ போறவங்களுக்கு சரி. ஓசூர்ல ஏர்போர்ட் வரும்னு 2024 ஜூன்ல சட்டசபைல அறிவிச்சாங்களே அதையும் கேட்டேன் சும்மா, சிரிச்சாரு. பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு 150 கிலோமீட்டர் சுத்துல புதுசா ஏர்போர்ட் வரக் கூடாதுன்னு 2033 வரைக்கும் ஒப்பந்தம் இருக்குதாம், அதுக்கு ஒரு வழி பண்ணி, நிலம் எடுத்து, கட்டி முடிக்கறதுக்குள்ள மச்சானுக்கு பொறக்கப் போற பையனே காலேஜ் போயிடுவான். அது வரைக்கும் நமக்கு தேவனஹள்ளிதான்.

டிக்கெட் விஷயத்துக்கு வரேன். ஆப் மேல காட்டினது மும்பை போய் மாறி போற ஒண்ணு, விலை கம்மின்னு அதை முதல்ல வெச்சிருந்தான். இவரு அதை தொடவே இல்ல, "ஆயிரத்து ஐநூறு மிச்சம் பண்ணி மத்தியானத்துக்கு மேல போய் சேருவீங்க, மும்பைல முதல் ஃபிளைட் லேட்டானா ரெண்டாவதும் போச்சு"ன்னு சொல்லி காலைல நேரா நாக்பூர் போறதை எடுத்தாரு. அதுலயும் ஒரு வேலை காட்டினாரு பாருங்க. மூணு பேருக்குன்னு தேடினா ஒரு விலை வருது, ஒருத்தருக்குன்னு தேடினா எண்ணூறு ரூபா கம்மியா வருது. ஃபிளைட்ல எல்லா சீட்டும் ஒரே விலை கிடையாது, ராயக்கோட்டை மண்டில ஒரே தக்காளிய கூடை கூடையா பிரிச்சு வேற வேற விலை சொல்ற மாதிரி சீட்டுங்களை கட்டு கட்டா பிரிச்சு வெச்சிருப்பாங்களாம், கம்மி விலை கட்டுல ஒரு சீட்டுதான் மிச்சம் இருக்குதுன்னா மூணு கேட்டா மூணுக்கும் அடுத்த கட்டு விலைய போட்டுடும் கம்ப்யூட்டர். அதனால அவரு ஒண்ணு தனியா, ரெண்டு தனியா போட்டாரு. பி.என்.ஆர், அதாவது புக்கிங் நம்பர், ரெண்டு ஆயிடும், அதை கவுண்டர்ல சொல்லி பக்கத்துல பக்கத்துல சீட்டு கேளுங்கன்னாரு, அப்படியே குடுத்தாங்க. எண்ணூறு ரூபா பெருசில்லதான், ஆனா தன் காசு இல்லைன்னாலும் அந்த நேரத்துல ஒருத்தர் யோசிக்கறாரே அதான்.

ரிட்டர்ன் டிக்கெட் போடாதீங்கன்னு அவரே சொல்லிட்டாரு. எப்போ திரும்புவோம்னு தெரியாது, நம்ம நாட்டுக்குள்ள போறதுக்கு ரெண்டும் சேத்து போட்டா விலை குறையும்னு பெருசா ஒண்ணும் கிடையாது, தனித்தனியா போட்டாலும் கூட்டினா அதே காசுதான். மச்சானுக்கு காலேஜ் ஐடி கார்டு இருக்குதான்னு கேட்டு ஸ்டூடண்ட் ஃபேர்ல போட்டாரு, விலை கொஞ்சம்தான் குறைஞ்சுது, பை எடை அதிகம் விட்டாங்க, ஐடி கார்டு கைல இருக்கணும் அவ்ளோதான்.

அப்புறம் பேரு. நம்ம ஊர்ல ஃபிளைட் டிக்கெட்ல பாதி தலைவலி இதுதான். நமக்கு இனிஷியல் தான் உண்டு, ஆப்புங்க எல்லாம் லாஸ்ட் நேம் லாஸ்ட் நேம்னு கழுத்தைப் பிடிக்குது. கே. முனிராஜ்னு ஒருத்தர் இருந்தா கே-ய எங்க போடறது? ஒரு எழுத்து போட்டா சில சைட்டு ஏத்துக்காது. அப்பா பேரை லாஸ்ட் நேம்ல போட்டா ஆதார்ல அது இருக்காது, வாசல்ல சிஐஎஸ்எஃப் காரர் டிக்கெட்டையும் ஆதாரையும் மாத்தி மாத்தி பாப்பாரு. இவரு என்ன பண்ணாருன்னா, மூணு பேர் ஆதாரையும் வாட்ஸ்அப்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாரு, பேசி வாங்கி எழுதவே மாட்டேன்னாரு, அதுல என்ன இருக்கோ அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து போட்டாரு, அத்தைக்கு ஒத்தைப் பேருதான், உள்நாட்டு டிக்கெட்டுங்கறதால அதையே ரெண்டு எடத்துலயும் போட்டாரு. ஒரு பிரச்சனையும் வரல. ஏர்லைன்ஸ் சைட்ல நேரா போட்டதுல எழுத்துப் பிழை இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள சொன்னா அதே ஆளோட பேரைத் திருத்தறதுக்கு காசு வாங்கக் கூடாதுன்னு ஏர்லைன்ஸை கண்காணிக்கற டிஜிசிஏ ரூல் இருக்குது, தெரிஞ்சு வெச்சுக்கங்க. வெளிநாடுன்னா கதை வேற, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசால விட மாட்டோம்னு 2022 நவம்பர்ல இருந்து துபாய் அபுதாபி பக்கம் ரூல் போட்டாங்க, அப்புறம் பாஸ்போர்ட் உள்பக்கத்துல அப்பா பேரு இருந்தா சரின்னு தளர்த்தினாங்க. நம்ம பக்கத்துல இருந்து கல்ஃப் போறவங்க நிறைய பேரு, அவசரத்துக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை எடுத்து ஒரு தடவை பாத்துடுங்க.

ஃபோன் நம்பர், ஈமெயில் ரெண்டும் எங்களுதே போட்டாரு, அவருது போடல. சில ஏஜெண்டுங்க தன் நம்பரையே போட்டுடுவாங்க, ஃபிளைட் லேட்டு, கேட் மாறிடுச்சுன்னு ஏர்லைன்ஸ் அனுப்பற மெசேஜ் எல்லாம் அவங்களுக்கு போகும், நமக்கு வராது. எங்க டிக்கெட்டு நேரா ஏர்லைன்ஸ்ல இருந்தே எஸ்எம்எஸ் வந்துச்சு. வந்ததும் மச்சான் கை நடுக்கம் நின்னுச்சு.

விலை எவ்ளோன்னு கேப்பீங்க. தலைக்கு பதினோராயிரம் சொச்சம். அதே டிக்கெட் ஒரு மாசம் முன்னாடி போட்டா பாதிக்கு கெடைக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அநியாயம்னு திட்டினேன், அவரு கேட்டுக்கிட்டாரு. 1994ல இருந்து நம்ம நாட்டுல ஃபிளைட் விலை ஏர்லைன்ஸ் இஷ்டம்தான். கொரோனா நேரத்துல 2020 மே மாசத்துல இருந்து 2022 ஆகஸ்ட் வரைக்கும் அரசாங்கம் மேல கீழ கோடு போட்டு வெச்சிருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. 2025 டிசம்பர்ல பைலட் ஓய்வு நேர ரூல் பிரச்சனைல இண்டிகோ ஃபிளைட்டு ஆயிரக்கணக்குல கேன்சல் ஆகி மத்தவங்க விலைய வானத்துக்கு ஏத்தினப்போ திரும்பவும் கோடு போட்டாங்க, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500, ஆயிரம் வரைக்கும் 12,000, ஆயிரத்து ஐநூறு வரைக்கும் 15,000, அதுக்கு மேல 18,000, வரி தனி. பெங்களூர் நாக்பூர் வானத்து தூரத்துக்கு அந்த 12,000 கட்டத்துலதான் வரும். நெருக்கடி நேரத்துக்குன்னு போட்ட உச்சவரம்புக்கு பக்கத்துல நாங்க சாதாரண நாள்லயே குடுத்திருக்கோம், அப்படின்னா பாத்துக்கங்க.

கனடால இருக்கற பெரியம்மா பையன் ஃபோன்ல, துக்கம்னா அங்க ஏர் கனடால தனி சலுகை விலை உண்டு, நம்ம ஊர்லயும் கேட்டுப் பாருடான்னான். கடைக்காரர்கிட்ட கேட்டேன், உள்நாட்டு ஃபிளைட்ல அப்படி எதையும் நம்பி நிக்காதீங்க, கேட்டுக்கிட்டு இருக்கற நேரத்துல இருக்கற சீட்டும் போயிடும்னாரு. அந்த கனடா சலுகையும் லேசு இல்ல, பாட்டி இறந்ததுக்கு போன ஒருத்தர்கிட்ட அந்த கம்பெனி சாட்பாட்டு முதல்ல டிக்கெட் வாங்கிக்கங்க அப்புறம் சலுகைக்கு அப்ளை பண்ணிக்கலாம்னு சொல்லிடுச்சு, கம்பெனி முடியாதுன்னுடுச்சு, 2024 பிப்ரவரில பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், உங்க சாட்பாட் சொன்னதுக்கு நீங்கதான் பொறுப்பு, காசைக் குடுங்கன்னு தீர்ப்பு சொல்லுச்சு. எங்க மச்சானுக்கு மூணு பட்டன் நீட்டினதும் அதே சாதிதான்.

முதல்ல எங்க அம்மாவும் வரேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க, தம்பி இல்லையா, நாலாவதா ஒரு டிக்கெட்டும் போட்டாச்சு. அரை மணி நேரத்துல பிரஷர் ஏறி உக்காந்துட்டாங்க, வேணாம்னு முடிவாச்சு. போட்ட கொஞ்ச நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா சும்மா விடணும்னு ரூல் இருக்கே அண்ணேன்னு கேட்டேன், இருக்குது ஆனா ஃபிளைட்டுக்கு ஒரு வாரமாவது இருந்தாதான் அது, விடிஞ்சா கிளம்பறதுக்கு செல்லாதுன்னாரு. ஆனா டிக்கெட் காசு போனாலும் வரி, யூடிஎஃப்ங்கற ஏர்போர்ட் கட்டணம்னு பில்லுல தனியா போட்டிருக்கறதை திருப்பிக் குடுத்தே ஆகணும், ஃபிளைட்டுக்கே போகாம விட்டாலும் குடுக்கணும், அது டிஜிசிஏ ரூலு. நம்மள்ல எத்தனை பேரு அதைக் கேட்டு வாங்கறோம்? ஏஜெண்ட் மூலமா போட்டிருந்தாலும் திருப்பித் தர்ற பொறுப்பு ஏர்லைன்ஸோடதுதான், இழுத்தடிச்சா அரசாங்கத்தோட ஏர்சேவா ஆப்லயோ நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்லயோ புகார் போடலாம்.

வண்டியும் அவரேதான் அனுப்பினாரு. டிசையர், பாட்டா, டோல், கர்நாடகா பர்மிட் எல்லாம் சேத்து நாலாயிரத்து ஐநூறு. டிரைவர் அண்ணன் நல்ல மனுஷன், செக்போஸ்ட்ல கன்னடத்துல பேசி சட்டுனு வேலைய முடிச்சாரு, ராத்திரிங்கறதால எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி ஊருக்குள்ள நேரா போனோம். பகல்னா ஓசூர்ல இருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டேன்னு வெளிய சுத்தி தேவனஹள்ளி போயிடுவேன், தூரம் கூட ஆனா நிக்க வேண்டியதில்லன்னாரு. காசு பத்தாதவங்க பஸ்ஸுல எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போய் இறங்கி அங்க இருந்து கேஐஏ 8 வாயு வஜ்ரா ஏர்போர்ட் பஸ் பிடிக்கலாம், மூட்டை முடிச்சு இல்லாம ஒத்தை ஆளா இருந்தா பரவால்ல. ஏர்போர்ட்ல ரெண்டு டெர்மினல் இருக்குது, உள்நாட்டு இண்டிகோ டி1, ஏர் இந்தியா டி2, டிக்கெட்ல போட்டிருக்கறதை டிரைவர்கிட்ட முன்னாடியே காட்டிடுங்க.

போற வழியில கடைக்காரர் ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்பினாரு, அத்தைக்காக மெதுவா பேசி. ஆதார் கார்டை பைக்குள்ள வெக்காதீங்க கைல வெச்சுக்கங்க, கோயில் பை எடுத்துட்டு வந்திருந்தீங்கன்னா தீப்பெட்டியும் கற்பூரமும் இருக்கும், எடுத்து வண்டிலயே வெச்சுடுங்கம்மான்னு. நாங்க ஒருத்தரும் கோயில் பைன்னு அவர்கிட்ட சொல்லல. அத்தை மடியில இருந்த மஞ்சப் பையை திறந்து பாத்தா காட்டுவீரம்மன் கோயில் விபூதி பொட்டலத்துக்கு அடியில கற்பூர டப்பா, அதுக்கு அடியில தீப்பெட்டி. ரெண்டையும் டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்துட்டு, "திரும்பி வந்து வாங்கிக்கறேன் சாமி"ன்னாங்க. விபூதி கூடவே வந்துச்சு, செக்யூரிட்டில ஒரு அம்மா பிரிச்சு பாத்துட்டு மடிச்சுக் குடுத்துட்டாங்க.

மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அது பத்தி இங்க எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. திரும்பி வர்றப்போ டிக்கெட்டும் இவர்தான். காலுல கட்டு இருக்குதுன்னு சொன்னதும் முழங்காலுக்கு மேலயா கீழயா, மடக்க முடியுமா, கட்டு போட்டு எவ்ளோ நாளாச்சுன்னு கேட்டுட்டு, ஆஸ்பத்திரில ஃபிளைட்ல போகலாம்னு டாக்டர் லெட்டர் வாங்கச் சொன்னாரு, வீல்சேர் டிக்கெட்லயே போட்டுட்டாரு. நாக்பூர் கவுண்டர்ல அந்த லெட்டரைத்தான் முதல்ல கேட்டாங்க.

எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். சர்வீஸ் சார்ஜ் தலைக்கு முன்னூறு, ராத்திரி பத்து மணிக்கு மேலன்னா இன்னும் இருநூறு, அது எங்கயும் எழுதி வெக்கல, அவரு வாய் சொல்றதுதான். நான் குறை சொல்லல, ஆப்புக்காரன் வாங்கற கன்வீனியன்ஸ் ஃபீய விட பெருசா ஒண்ணும் இல்ல, அவன் அதை வாங்கிட்டு மெஷினை பேச விடறான், இவரு தூக்கத்துல இருந்து எந்திரிச்சு பேசறாரு. ஆனா ஒரு சீட்டு ஒட்டி வெக்கலாம்ல? பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டு நோட்டு பேப்பர், டிக்கெட்டு எவ்ளோ வண்டி எவ்ளோ அவருக்கு எவ்ளோன்னு பிரிக்காம மொத்தமா ஒரு தொகை, கீழ ஒரு கோடு. மாமா லாரி ஓனர்கிட்ட செலவு கணக்கு காட்டணும்னு சொன்னப்புறம்தான் ஏர்லைன்ஸ் இன்வாய்ஸ் எடுத்து மெயில் பண்ணாரு. அம்மா டிக்கெட் வரிப் பணம் ஏர்லைன்ஸ்ல இருந்து அவர் அக்கவுண்டுக்கு வந்துடுச்சு, எங்களுக்கு அனுப்ப மறந்துட்டாரு, ஞாபகப்படுத்தினதும் பிடித்தம் இல்லாம அனுப்பிட்டாரு, ஆனாலும் நாமதான் ஞாபகப்படுத்தணும். கடைல நேர்ல போனா உக்கார ரெண்டே சேர், ஃபோன்ல கத்தி பேசுவாரு, நடுவுல நாலு பேர் வேன் வாடகை கேட்டு வருவாங்க, டூர் பேக்கேஜ் மாதிரி நிதானமா உக்காந்து பேச வேண்டிய வேலைக்கு எல்லாம் அந்த கடை சரிப்படாது. ரெண்டு மாசம் கழிச்சு போற டிக்கெட்டுக்கும் இவர்கிட்ட போக வேணாம், நீங்களே ஏர்லைன்ஸ் சைட்ல போட்டுக்கலாம், முன்னூறு மிச்சம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஞாயித்துக்கிழமை கடை லீவு, ஃபோன் எடுப்பாரு, வாட்ஸ்அப் கால் எடுக்க மாட்டாரு, நார்மல் கால் பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடி எல்லாரோட ஆதாரையும் ஃபோட்டோ எடுத்து ரெடியா வெச்சுக்கங்க, மங்கலா இருந்தா திட்டுவாரு. பில்லு கேட்டு வாங்குங்க, கேக்காம குடுக்க மாட்டாரு.